பாதி வாக்கியத்தில் கண் ஏன் திரும்புகிறது?

கேள்வி: சில வாக்கியங்களைப் பாதி படித்ததும் அர்த்தம் பிசகுகிறது. திரும்ப முதலிலிருந்து படிக்கிறேன். எனக்குக் கவனம் போதவில்லையா?
(ஒரு வாசகி)

பதில்: கவனக்குறைவு இல்லை, அம்மா. பிரதி திருத்துவதே என் தொழில். எனக்கும் தினமும் நடக்கிறது.

"குமார் நாயைத் துரத்திய சிறுவனைப் பிடித்தான்." இதை மெதுவாகப் படியுங்கள். 'துரத்திய' வரைக்கும் குமார்தான் நாயைத் துரத்தினான் என்று தோன்றும். 'சிறுவனை' வந்ததும் அது நிற்காது. துரத்தியது சிறுவன், பிடித்தவன்தான் குமார்.

மூளை முற்றுப்புள்ளி வரை காத்திருப்பதில்லை. ஒவ்வொரு சொல்லையும் வந்த கையோடு முன்னதோடு சேர்த்து அர்த்தம் பண்ணிவிடுகிறது. அந்த அவசரம் இல்லாவிட்டால் இவ்வளவு வேகமாக நம்மால் படிக்கவே முடியாது. பெரும்பாலும் அதன் ஊகம் சரியாகவே இருக்கும். தவறும்போதுதான் நமக்குத் தெரிகிறது.

1982-ல் லின் ஃபிரேசியர், கீத் ரேனர் என்ற இரு ஆய்வாளர்கள் படிப்பவர்களின் கண் அசைவை அளந்தார்கள். ஊகம் பொய்க்கும் இடத்தில் கண் கூடுதல் நேரம் நிற்கிறது, பல சமயம் பின்னாலும் போகிறது. பிறகு மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தவர்கள், அப்படிப்பட்ட சொல் வந்து சுமார் 600 மில்லிசெகண்டில் ஓர் ஏற்றத்தைக் கண்டார்கள். நீங்கள் திரும்பிப் படிப்பது மூளை தன் வேலையைச் சரிபார்ப்பதுதான்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறு. திரும்பிப் படித்துச் சரியாகப் புரிந்துகொண்ட பிறகும் முதல் அர்த்தம் முழுதாக அழிவதில்லை. 2001-ல் கீல் கிறிஸ்டியன்சன் என்ற ஆய்வாளரின் குழு இதைச் சோதித்தது. அவர்கள் தந்த ஓர் ஆங்கில வாக்கியத்தில் கமா இல்லாததால், அன்னா குழந்தைக்கு உடை உடுத்திவிட்டாள் என்று முதலில் தோன்றும். கடைசிவரை படித்தால் அன்னா தனக்கே உடுத்திக்கொண்டாள், குழந்தை விளையாடியது என்று தெளியும். குழந்தை விளையாடியதா என்று கேட்டால் சரியாகச் சொன்னார்கள். அன்னா குழந்தைக்கு உடுத்திவிட்டாளா என்று கேட்டாலும் பலர் 'ஆம்' என்றார்கள்! செய்தியோ, மருந்துக் குறிப்போ, ஒப்பந்தமோ எழுதுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். வாசகர் எப்படியும் திருத்திக்கொள்வார் என்று விட்டுவிடுவது எனக்கு ஏற்புடையதல்ல.

அதனால் தடுக்கினால் தயங்காமல் திரும்பிப் படியுங்கள். சரி, குமார் வாக்கியம் என் மேஜைக்கு வந்தால்? "நாயைத் துரத்திய சிறுவனைக் குமார் பிடித்தான்" என்று மாற்றுவேன். சொல் எதுவும் கூடவில்லை; குமார் தன் வினைக்குப் பக்கத்தில் வந்துவிட்டான், அவ்வளவுதான்.