எம்.பி. நிதிக்கு வீட்டுக்கு ஆயிரம் ரூபாயா?

கேள்வி: புவனகிரி பக்கம் எங்கள் கிராமம். ரேஷன் கடை ஓர் ஒழுகும் வாடகைக் கட்டடத்தில் நடக்கிறது. கடலூர் எம்.பி. நிதியில் புதுக் கட்டடம் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் வந்திருக்கிறார். ‘மக்கள் பங்கு’ என்று வீட்டுக்கு 1,000 ரூபாய் கேட்கிறார். எம்.பி. லெட்டர்பேடில் ஒரு கடிதத்தின் நகலையும் காட்டினார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

அவர் சொன்னதில் தொகுதியே தப்பு. நீங்கள் இருப்பது கடலூர் மாவட்டம், ஆனால் கடலூர் நாடாளுமன்றத் தொகுதி இல்லை. புவனகிரி, சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் மூன்றும் சிதம்பரம் தொகுதியில் வருகின்றன; அந்தத் தொகுதி அரியலூர், ஜெயங்கொண்டம், குன்னம் வரை போகிறது. கலெக்டர் ஆபீஸ் கடலூரில் இருப்பதால் எம்.பி.யும் கடலூர்க்காரர்தான் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். தரகர்களுக்கு அது வசதி.

இதில் ஒரு விலக்கு உண்டு. அதைச் சொல்லி உங்களை மடக்கப் பார்ப்பார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். மக்களவை உறுப்பினர் பொதுவாகத் தன் தொகுதிக்குள்தான் பரிந்துரைக்கலாம். மாநிலங்களவை உறுப்பினருக்குத் தொகுதி கிடையாது. தமிழ்நாட்டிலிருந்து தேர்வானவர் தமிழ்நாட்டின் எந்த மாவட்டத்துக்கும் கொடுக்கலாம். ஆக, ‘வேறு எம்.பி. மூலம் வாங்கித் தருகிறேன்’ என்றால் அது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எந்த அவை, எந்த மாநிலம் என்று கேளுங்கள். புதுச்சேரியிலிருந்து மாநிலங்களவைக்குப் போனவர் பொதுவாக அங்கேதான் செய்யலாம். பெண்ணையாற்றுக்கு அந்தப் பக்கம் புதுச்சேரியின் பாகூர் வரைக்கும் வந்த நிதி இந்தப் பக்கம் வராதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பொதுவாக வராது.

அடுத்து, பணம் எம்.பி. கைக்கு வருவதே இல்லை. ஆண்டுக்கு 5 கோடி என்கிறார்களே, அது அவர் எடுத்துச் செலவழிக்கும் தொகை அல்ல. அவர் பரிந்துரை மட்டும் செய்வார். அதைப் பரிசீலித்து அனுமதி தருவது மாவட்ட நிர்வாகம், வேலையைச் செய்வது அரசுத் துறை. அந்த 5 கோடியும் ஆறு சட்டமன்றத் தொகுதிக்குச் சேர்த்துத்தான். பிரித்துப் பார்த்தால் ஒன்றுக்கு ஒரு கோடிகூடத் தேறாது. அதனால் நல்ல மனுவும் காத்துக் கிடக்கும், அது மோசடி இல்லை.

‘மக்கள் பங்கு’ என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? மாநில அரசின் நமக்கு நாமே திட்டத்தில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு ஊர் மக்கள் போட வேண்டும். அதையும் அரசிடம் முறையாகக் கட்ட வேண்டும், யார் கையிலும் கொடுப்பதில்லை. எம்.பி. நிதிக்கு அப்படிக் கட்டாயப் பங்கு கிடையாது. இரண்டையும் குழப்பி வசூல் செய்வது பழைய வித்தை.

கடிதம் உண்மையானதாகவே இருக்கலாம். எம்.பி. அலுவலகத்துக்கு மனுவோடு போனால் பரிந்துரைக் கடிதம் இலவசமாகவே கிடைக்கும். அது வெறும் பரிந்துரை. நீங்கள் பார்க்க வேண்டிய தாள் வேறு. மேலே ‘மாவட்ட ஆட்சித் தலைவரின் செயல்முறைகள்’ என்றிருக்கும், ந.க. எண் (கோப்பு எண்), தேதி, வேலையின் பெயர், மதிப்பீட்டுத் தொகை எல்லாம் இருக்கும். அதுதான் நிர்வாக அனுமதி. அது வராமல் ஒரு செங்கல்லும் ஏறாது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது என்ன? முதலில் இடம். வி.ஏ.ஓ.விடம் ‘அ’ பதிவேட்டை (கிராம நிலப் பதிவேடு) பார்த்து, தகராறில்லாத அரசு இடத்தின் சர்வே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கோயில் இடம் ஆகாது. ஊர் கூடிச் சம்மதித்தாலும் ஆகாது. குளம், வாய்க்கால் புறம்போக்கையும் காட்டாதீர்கள். அடுத்த கிராம சபையில் தீர்மானம் போட்டு, கார்டு எண்ணிக்கை, சர்வே எண்ணோடு சிதம்பரம் எம்.பி. அலுவலகத்தில் நேரில் கொடுத்து, பெற்றதற்குச் சீல் வாங்குங்கள். ஒரு நகலைத் திங்கட்கிழமை கலெக்டர் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள்.

அப்புறம் பதில் வரும்: ‘பரிசீலனையில் உள்ளது.’ இந்த ஒரு வரியை எழுத எத்தனை மேஜை! நிதி விவரமெல்லாம் இணையத்தில் வந்துவிட்டது, ஆனாலும் நம் மனு எந்த மேஜையில் தூங்குகிறது என்று அறிய ஆளைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. தரகர் பிழைப்பதே இதனால்தான். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். பரிந்துரை வந்ததா, மதிப்பீடு போட்டார்களா, நிராகரித்தால் என்ன காரணம் என்ற மூன்றை மட்டும் கேளுங்கள்.

யாராவது ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தால், ஜிபே விவரத்தையும் அவர் பேசிய வாட்ஸ்அப் ஆடியோவையும் அழிக்காமல் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். மனுவுக்கு என்று வெற்றுத்தாளில் ஊர்க் கையெழுத்து வாங்கியிருந்தால், முதலில் அந்தத் தாள்களைத் திரும்ப வாங்குங்கள்.