குதிக்கால் எழும்புது, என்ன செய்ய?

கேள்வி: எனக்கு 24 வயசு, திருகோணமலை உப்புவெளி. ஒன்றரை வருசமா பாரம் தூக்கிறன். ஸ்குவாட்ல (குந்தி எழும்பிற பயிற்சி) கீழ போகக்குள்ள குதிக்கால் எழும்புது, நாரி வளையுது. இப்ப ஸ்னாட்ச் (பாரை, அதாவது பாரம் மாட்டிற இரும்புத் தடியை, நிலத்தில இருந்து ஒரே இழுவையில தலைக்கு மேல தூக்கிறது) பழகத் தொடங்கியிருக்கன், பாரோட சேர்ந்து முன்னுக்கு விழப்பாக்கிறன். ஒவ்வொரு நாளும் 20 நிமிசம் ஸ்ட்ரெச் செய்யிறன், ஒரு மாற்றமும் இல்ல. என்ட உடம்பே இப்பிடித்தானா?

பதில்: இல்ல தம்பி, உடம்பில பிழை இல்ல. எந்த மூட்டு மறிக்குது எண்டு பாக்காம எல்லா மூட்டையும் இழுத்துக்கொண்டிருக்கிறீங்க, அதுதான் 20 நிமிசமும் வீணாப் போகுது.

முதல்ல கணுக்காலைப் பாருங்க. வெறுங்காலோட சுவருக்கு முன்னால ஒரு காலை வைங்க, பெருவிரலுக்கும் சுவருக்கும் இடையில 10 சென்றிமீற்றர் இருக்கட்டும், இப்ப குதிக்கால் நிலத்த விட்டு எழும்பாம முழங்காலை மடிச்சு சுவரில முட்டப் பாருங்க. முட்டினா கணுக்கால் பரவாயில்ல, முட்டாட்டி வேலை அங்கதான் கிடக்கு. ரெண்டு காலையும் தனித்தனியாப் பாருங்க, பந்தடிக்கப்போய் எப்பவோ சுளுக்கின கால் மற்றதைவிட இறுக்கமா இருக்கிறத நான் எத்தனையோ பேரிட்ட கண்டிருக்கன். பிறகு ரெண்டு குதிக்காலுக்கும் கீழ பாரில மாட்டிற சின்ன பிளேட் ஒவ்வொண்டு வச்சு ஸ்குவாட் இருந்து பாருங்க, உடனே ஆழமா நிமிர்ந்து இருக்க ஏலுமெண்டா சந்தேகமே வேண்டாம், கணுக்கால்தான். அப்பிடியும் நாரி வளைஞ்சா மல்லாக்கப் படுத்து ரெண்டு முழங்காலையும் நெஞ்சுக்கு இழுங்க. படுத்திருக்கக்குள்ள லேசா வருது, நிக்கக்குள்ள மட்டும் வரல்ல எண்டா இடுப்பு மூட்டு இறுக்கமில்ல, அந்த ஆழத்தில உடம்பைத் தாங்கிற பலமும் பழக்கமும் இல்ல, அவ்வளவுதான். படுத்தாலும் வரல்லயா, காலைக் கொஞ்சம் அகட்டி, விரலை வெளிய திருப்பிப் பாருங்க. இடுப்புக் குழியிட ஆழமும் தொடை எலும்பிட கோணமும் ஆளுக்கு ஆள் வித்தியாசம், அதால பக்கத்தில நிக்கிறவன்ட அகலத்தில நீங்களும் நிக்கணும் எண்டு ஒரு சட்டமும் இல்ல.

நீங்க எழுதினதப் பாக்க எனக்கு கணுக்கால்லதான் சந்தேகம். கெண்டைக்கால்ல ரெண்டு தசை இருக்கு. மேல இருக்கிற பெரிய தசை முழங்காலைத் தாண்டிப் போய் தொடை எலும்பில பிடிக்குது, முழங்கால் மடிஞ்ச உடன அது தளர்ந்திரும். அதுக்குக் கீழ இருக்கிற தட்டையான தசை முழங்காலைத் தாண்டாது, ஸ்குவாட்ல கீழ இருக்கக்குள்ள மறிக்கிறது அநேகமா அதுதான். ஆனா எல்லாரும் என்ன செய்யிறம், காலை நீட்டிச் சுவரைத் தள்ளி மேல் தசையத்தான் இழுக்கிறம், கீழ் தசைக்கு அவ்வளவாப் போய்ச் சேராது. முழங்காலை மடிச்சு இழுங்க. ஒத்தைக் காலை முன்னுக்கு ஊண்டி, மற்ற முழங்காலை நிலத்தில வச்சு, முன்கால் தொடையில முழங்காலுக்குக் கிட்ட ஒரு 10 கிலோ பிளேட்டை வச்சு, முழங்காலை விரலுக்கு மேலால மெதுவா முன்னுக்குத் தள்ளுங்க, 30 செக்கன் நில்லுங்க, வாங்க, திரும்பப் போங்க. கெண்டைக்கால் பக்கம் இழுத்தா நல்லது. கணுக்காலுக்கு முன்பக்கம் குத்தினா நிப்பாட்டுங்க, அது தசையில்ல, மூட்டு. அதைப் பலவந்தம் பண்ணக்கூடாது, ஒரு பிஸியோதெரபிஸ்ட்டிட்ட காட்டுங்க.

இன்னொண்டு சொல்லணும். உங்கட உப்புவெளிக் கரையில விடியக்காலையில வலை பொத்துற பெரியாக்களைக் கவனிச்சிருப்பீங்க. குத்துக்காலில இருந்து, ரெண்டு குதிக்காலும் முழுசாப் பதிஞ்சு, முழங்கால் விரலைத் தாண்டி முன்னுக்கு நிக்க, கால் பெருவிரல்ல வலையக் கொழுவி இழுத்துப் பிடிச்சுக்கொண்டு கையால நூல் ஓட்டுவாங்க, அரை மணித்தியாலம் போனாலும் எழும்ப மாட்டாங்க. மணல்ல குதிக்கால் புதையும் அதால லேசு எண்டு நினைக்க வேண்டாம், அதே மனிசன் வீட்டுச் சீமெந்துத் திண்ணையிலயும் அப்பிடித்தான் இருப்பார். அவங்க ஒரு நாளும் ஸ்ட்ரெச் செய்யல்ல, அந்த இருப்பிலயே சீவிச்சவங்க. நாங்க கதிரைக்கும் கொமட்டுக்கும் மாறினதோட அந்த இருப்பு எங்கட உடம்புக்கு மறந்துபோச்சு. ஒரு நாளைக்கு 20 நிமிசம் இழுத்துப்போட்டு மிச்ச நேரம் எல்லாம் கதிரையில இருந்தா உடம்பு எதைப் பழகும் சொல்லுங்க?

அதால காலையில ரெண்டு நிமிசம், மத்தியானம் ரெண்டு நிமிசம், இரவு போன் பாக்கக்குள்ள ரெண்டு நிமிசம் குத்துக்காலில இருங்க. பின்னுக்கு விழுந்தா ஜன்னல் கம்பியப் பிடிச்சுக்கொண்டு இருங்க, இல்லாட்டி 5 கிலோ அரிசிப் பையை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு இருங்க, அந்தப் பாரம் முன்னுக்கு இருக்கிறதால பின்னுக்கு விழ விடாது. ஜிம்ல வெறும் 20 கிலோ பாரோட கீழ போய் அஞ்சு செக்கன் நிண்டு எழும்புங்க, அப்பிடி அஞ்சு தரம், மூண்டு செட். இழுத்துப் பெற்ற இடத்தில பலமும் வந்தாத்தான் உடம்பு அதை வச்சுக்கொள்ளும். ஆறு எட்டுக் கிழமை விடாமச் செய்துபோட்டு அதே சுவரில திரும்ப அளந்து பாருங்க.

அதுவரைக்கும் பாரம் தூக்கிற ஷூ ஒண்டு போடுறதில வெக்கப்பட ஒண்டுமில்ல. அதின்ட குதி 2 சென்றிமீற்றர் அளவில உயர்ந்திருக்கும். 2022 பர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டில 55 கிலோ பிரிவில எங்கட இலங்கை வீரர் இசுரு குமார வெண்கலம் எடுத்தார், ஸ்னாட்ச்ல 105 கிலோ, கிளீன் அண்ட் ஜேர்க்ல (முதல்ல பாரைத் தோளில ஏந்தி, பிறகு தலைக்கு மேல தள்ளிறது) 120 கிலோ. தன்ட உடம்புப் பாரத்தில கிட்டத்தட்ட ரெண்டு மடங்கை தலைக்கு மேல வச்சு முழுக் குந்தில இருந்து எழும்பிறதெண்டா கணுக்கால், இடுப்பு, முதுகு, தோள் நாலும் ஒண்டா வழி விடணும். அந்த மட்டத்தில தூக்கிறவங்களும் குதி உயர்ந்த ஷூவோடதான் மேடைக்கு வாறாங்க.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுறன். எனக்கு 22 வயசில, ஆழம் வரல்ல எண்டு ஒருத்தர் என்ட முதுகில ஏறி இருந்து கீழ அமத்தினார். தொடையிடுக்கில ஏதோ பிடிச்சு இழுத்த மாதிரி இருந்தது, மூண்டு மாசம் மாடிப்படி ஏற ஏலாமப் போச்சு. ஆரையும் உங்கட உடம்பை அமத்த விடாதேங்க.

கேள்வி: நான் கிண்ணியா, கம்பஸ் மாணவி. வீட்டிலதான் பயிற்சி. கிளீன் செய்து பாரைத் தோளில ஏந்தக்குள்ள மணிக்கட்டு முறியிற மாதிரி நோகுது. மணிக்கட்டுக்கு என்ன பயிற்சி?

பதில்: தங்கச்சி, நோகிறது மணிக்கட்டு, ஆனா இறுக்கம் அநேகமா வேற இடத்தில. மேல்கையிட பின்பக்கத் தசையும் கக்கத்துக்குக் கீழ முதுகால வாற பெரிய தசையும் இறுக்கமா இருந்தா முழங்கை உயராது, முழங்கை உயராட்டி பாரிட பாரம் முழுக்க மணிக்கட்டிலதான் இறங்கும். பாரைக் கை தாங்கக்கூடாது, தோளுக்கு முன்னால இருக்கிற சதை மேட்டிலதான் அது இருக்கணும், கை சும்மா பிடிச்சுக்கொண்டு நிக்கும். ஏந்தின உடன பிடியைத் தளர்த்துங்க, ரெண்டு மூண்டு விரல் பாருக்குக் கீழ இருந்தாப் போதும். கையக் கொஞ்சம் அகட்டியும் பாருங்க. வீட்டில தும்புத்தடியத் தோளில வச்சு, முழங்கையால முன்னுக்கு இருக்கிற சுவரைக் காட்டுற மாதிரி உயர்த்தி, ஒரு பக்கம் 20 செக்கன், மற்றப் பக்கம் 20 செக்கன் நில்லுங்க. அவசரப்பட்டு பிளேட்டைக் கூட்ட வேண்டாம்.

கேள்வி: பாரம் தூக்க முன்னம் ஸ்ட்ரெச் பண்ணலாமா கூடாதா? ஆளுக்கு ஒரு கதை சொல்லுறாங்க. (மூதூர்)

பதில்: தூக்கப் போற தசையை அசையாம ஒரு நிமிசத்துக்கு மேல இழுத்துப் பிடிச்சா, அந்தத் தசையிட பலம் கொஞ்ச நேரத்துக்குச் சற்றுக் குறையும். 20, 30 செக்கன் இழுத்துப்போட்டு பிறகு ஒழுங்கா வோம் அப் செய்தீங்க எண்டா பிரச்சினை இல்ல. நீண்ட இழுவையெல்லாம் பயிற்சி முடிஞ்ச பிறகோ இரவிலயோ வைங்க. தூக்க முன்னம் அசைவுதான் முக்கியம், வெறும் பாரோட ரெண்டு மூண்டு செட்.

கேள்வி: வயசு 52, ஓர்ஸ்ஹில். பிள்ளையோட ஜிம் போகத் தொடங்கினன். நாலு மாசமா இடது தோள் உயருதில்ல, இரவில படுக்க ஏலாத நோ. பாரில தொங்கினா இளகும் எண்டு சொல்லுறாங்க. செய்யலாமா?

பதில்: தொங்க வேண்டாம் ஐயா. முழங்கையை விலாவோட ஒட்டி 90 பாகையில மடிச்சு வைங்க, மகனை உங்கட கையப் பிடிச்சு மெதுவா வெளிப்பக்கம் திருப்பச் சொல்லுங்க. அவர் திருப்பினாலும் அது போகல்ல எண்டா மூட்டைச் சுத்தியிருக்கிற உறை தடிச்சு இறுகியிருக்கலாம், இது உங்கட வயசில வாறது, சீனி வருத்தம் உள்ளவங்களுக்குக் கூடுதலா வாறது. இழுத்து இளக்கப் போனா நோ கூடும். ஆஸ்பத்திரியில காட்டி, பிஸியோதெரபிஸ்ட் சொல்லுற அளவுக்கு மட்டும் அசைங்க. சுகம் வர ஒரு வருசமும் எடுக்கும், அதுக்கு மேலயும் போகும், மனம் விடாதேங்க. கால் பயிற்சிய நிப்பாட்டத் தேவையில்ல, பாரைத் தோளில வைக்காம, வலது கையில பாரம் பிடிச்சு ஸ்குவாட் செய்யுங்க. ரத்தத்தில சீனி பாத்து எவ்வளவு காலம்? இந்தக் கிழமையே ஒருக்கா வெறும் வயித்தில பாத்திருங்க.