ஆறு மாதச் சான்றிதழுக்குப் பணம் கட்டாதீர்கள்

வணக்கம் சகோதரி. டெக்சாஸில் பிசியோதெரபி உதவியாளர் ஆவதற்கு ஆறு மாத ஆன்லைன் படிப்பு போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அந்தச் சான்றிதழோடு உரிமத் தேர்வின் வாசற்படியைக்கூட மிதிக்க முடியாது. கட்டிலைத் துடைப்பது, சக்கர நாற்காலியைத் தள்ளுவது போன்ற 'எய்டு' வேலைக்கு வேண்டுமானால் உதவும். அதற்குப் பெரும்பாலும் பள்ளிப்படிப்பே போதும், பணம் எதற்கு?

உரிமத்துக்கு, பிசியோதெரபி படிப்புகளை அங்கீகரிக்கும் அமெரிக்க அமைப்பான 'கேப்டி'யின் (CAPTE) அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் ஏறத்தாழ இரண்டு ஆண்டு அசோசியேட் பட்டம் (இளங்கலைக்கு ஒரு படி கீழானது) வேண்டும். அதற்குள்ளேயே சில மாதங்கள் நோயாளிகளிடம் நேரடிப் பயிற்சி. பிறகு தேசியத் தேர்வு: உச்ச மதிப்பெண் 800, தேர்ச்சிக்கு 600. கட்டணத்துக்குப் பயந்தால் சமுதாயக் கல்லூரிகளை முதலில் பாருங்கள்.

வேலையின் எல்லையையும் அறிந்துகொள்ளுங்கள். நோயாளியை மதிப்பிட்டுச் சிகிச்சைத் திட்டம் வகுப்பவர் தெரபிஸ்ட். நடக்க வைப்பவரும், மூட்டுகளை மடக்கி நீட்டப் பழக்குபவரும் உதவியாளர். வலி கூடினால் பயிற்சியை நிறுத்தலாம். திட்டத்தை மாற்றத் தெரபிஸ்டிடம்தான் போக வேண்டும். எனக்கு இது குறையாகத் தெரியவில்லை, நோயாளியோடு அதிக நேரம் இருப்பவர் பல வேளை உதவியாளர்தான். ஆனால் பின்னாளில் தெரபிஸ்ட் ஆகும் குறுக்கு வழி என்று எண்ணிச் சேராதீர்கள். அதற்கு இளங்கலைக்குப் பின் மூன்று ஆண்டு டாக்டரேட் படிப்பு தனியாக இருக்கிறது.