எல்லோர் முன்னாலும் திருத்தினால் எப்படி ஏற்றுக்கொள்வது?

கேள்வி: சபையில் ஒரு வேதபாடக் குழுவை நடத்துகிறேன். யாரையும் பேசவிடாமல் நானே பேசுகிறேன் என்று ஒரு மூப்பர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அதில் உண்மை இருப்பது எனக்கே தெரிகிறது. ஆனாலும் அவர் முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லை. இது பெருமையா?

பதில்: கொஞ்சம் பெருமை, கொஞ்சம் காயம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவர் சொன்ன விதம் சரியில்லைதான். சகோதரனின் குற்றத்தைத் தனிமையில் உணர்த்தச் சொல்கிறது மத்தேயு 18:15. ஆதி சபையில் போதித்த அப்பொல்லோவின் போதனையில் குறை இருந்தபோது ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவனைத் தங்களோடு சேர்த்துக்கொண்டுதான் விளக்கினார்கள். ஆனால் விதம் தப்பு என்பதால் விஷயம் தப்பாகிவிடாது.

இங்கே இஸ்ரவேலின் ராஜாக்களான சவுலையும் தாவீதையும் பாருங்கள். கண்டிக்கப்பட்டபோது "பாவஞ்செய்தேன்" என்று இருவருமே சொன்னார்கள். சவுலோ முதலில் ஜனங்கள்மேல் பழிபோட்டான். தீர்க்கதரிசி சாமுவேல் விடாமல் கேட்ட பிறகுதான் ஒத்துக்கொண்டான். அப்போதும், என் ஜனத்தின் மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று கெஞ்சினான் (1 சாமுவேல் 15:30). பாவத்தைவிட மானம்தான் அவனுக்குப் பெரிதாகத் தெரிந்தது. தன்னைக் கண்டித்த தீர்க்கதரிசி நாத்தானிடம் தாவீது சொன்ன பதில் ஒரே வாக்கியம், அதில் சாக்குப்போக்கே இல்லை. நமக்கெல்லாம் சவுலின் வழிதான் சுலபமாக வரும்!

உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானவர் அப்போஸ்தலர் பேதுரு. அந்தியோகியாவில் பவுல் அவரை எல்லோருக்கும் முன்பாகக் கண்டித்தார் (கலாத்தியர் 2:14). பேதுரு என்ன பதில் சொன்னார் என்று அங்கே எழுதப்படவில்லை. ஆனால் பேதுருவின் நிருபத்தில் (2 பேதுரு 3:15) அதே பவுல் "பிரியமான சகோதரன்".

சரி, இப்போது என்ன செய்யலாம்? அந்த மூப்பர் சொன்னதை, அவருடைய குரலை விட்டுவிட்டு, வார்த்தைகளாக மட்டும் எழுதிப் பாருங்கள். அப்புறம் அவரைத் தனியாகப் பார்த்து, "ஐயா, நீங்கள் சொன்னது சரிதான். எந்த இடத்தில் அதிகம் பேசுகிறேன் என்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அதோடு நிறுத்துங்கள். "ஆனாலும் எல்லோர் முன்னாலும்..." என்று தொடங்கினால் சவுலின் பக்கம் சாய்கிறீர்கள். அந்த வருத்தத்தை வேறொரு நாள் சொல்லலாம், அதில் தவறில்லை.

அடுத்த கூட்டத்தில் கேள்வி கேட்டதும் வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த அமைதி சங்கடமாகத்தான் இருக்கும். உடனே நீங்களே பதில் சொல்லி நிரப்பிவிடாதீர்கள். கூச்சப்படுகிறவர் வாய் திறக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.