கூடுதல் இலத்திரன் தரும் கதோட்டைப் போட்டால் உயர்சக்தி நுண்ணலை மூலத்தின் வலு கூடாதா?

கூடாது என்றில்லை, ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற மாதிரிக் கூடாது. கதோட்டு என்பது வெற்றிடக் குழாய்க்குள் இலத்திரன்களை விடும் மறை முனை; எதிரே நின்று அவற்றை இழுக்கும் நேர் முனை அனோட்டு. நானும் அப்படி நினைத்துத்தான் இதற்குள் இறங்கினேன். இப்போது கிளிநொச்சியில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். அதற்கு முன் வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில் இரண்டு வருடம் இந்தக் கதோட்டுகளோடு மாரடித்தவன்.

நுண்ணலை உண்டாக்கும் குழாயான மக்னெற்றோன் ஒன்று, அறுத்தபடி என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது, பழுதான மைக்ரோவேவ் அடுப்பில் கழற்றியது. நடுவில் விரல்நுனி அளவுக்கு ஒரு கம்பிச் சுருள், அதுதான் கதோட்டு. தோரியம் கலந்த டங்ஸ்டன். பிள்ளைகள் தொட்டுத் தொட்டே பாதியை நொறுக்கிவிட்டார்கள். 3.3 வோல்ற்றில் 10 அம்பியர் போல ஓடிச் சுருள் தணலாகும், 4,000 வோல்ற்று இலத்திரன்களை இழுக்கும். கறி சூடாக்க அது தாராளம்.

நீங்கள் கேட்கும் மூலங்களில் பல இலட்சம் வோல்ற்று, ஆயிரக்கணக்கான அம்பியர், எல்லாம் சில நூறு நனோசெக்கனுக்குள். சூடான கம்பியால் அவ்வளவு கொடுக்க முடியாது. ஆகவே குளிர்ந்த கதோட்டு: வெல்வெட் அல்லது காபன் நார். ஆம், சட்டை தைக்கிற அதே வெல்வெட்தான். நார் நுனிகளில் மின்புலம் குவிகிறது, மேற்பரப்பில் பொறி ஓடி, மின்னேற்றமடைந்த வாயுவான பிளாஸ்மா பிறக்கிறது, இலத்திரன்கள் அந்தப் பிளாஸ்மாவிலிருந்துதான் புறப்படுகின்றன.

வினை அங்கேதான். அந்தப் பிளாஸ்மா பிறந்த இடத்தில் நிற்காது. மைக்ரோசெக்கனுக்கு 2 சென்ரிமீற்றர் அளவில் அனோட்டை நோக்கி நகரும். இடைவெளி 1 சென்ரிமீற்றர் என்றால் 500 நனோசெக்கனில் இரண்டும் முட்டிவிடும். முட்டும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. சைல்ட்–லாங்மியர் விதிப்படி மின்னோட்டம் இடைவெளியின் வர்க்கத்துக்கு நேர்மாறு. 250 நனோசெக்கனில் இடைவெளி பாதியாகும். வோல்ற்றளவு மாறாவிட்டால் மின்னோட்டம் நாலு மடங்கு. மின்தடங்கல் (வோல்ற்றளவை மின்னோட்டத்தால் வகுத்தால் வருவது) சரிந்து, மூலம் ஒத்திசைவிலிருந்து விலகி, நுண்ணலைத் துடிப்பு பாதியில் அறும்.

நான் சேர்ந்த முதல் மாதமே வெல்வெட்டின் பரப்பைக் கூட்டினேன். திரையில் மின்னோட்டக் கோடு உயர்ந்ததைப் பார்த்து எனக்குக் கொள்ளை சந்தோசம். நுண்ணலைத் துடிப்போ முன்னையதைவிடக் கட்டையாக வந்தது. மேற்பார்வையாளர் ஒன்றும் பேசாமல் அமுக்கமானியைக் காட்டினார்: ஒவ்வொரு சுடுகைக்கும் பிறகு வெற்றிடம் கெட்டுக்கெட்டுப் போயிருந்தது. வெல்வெட் குடித்து வைத்திருந்த ஈரமும் வாயுவும்தான்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் படித்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத் திரி, அடியில் கொஞ்சமே மண்ணெண்ணெய். எழுத்துத் தெரியவில்லை என்று திரியை இழுத்துவிட்டால் அம்மா ஏசுவா. புகை கூடிப் போத்தல் கறுத்து, இருந்த வெளிச்சமும் போய்விடும்.

எனவே நல்ல கதோட்டு என்றால் குறைவாகப் புகைக்கிற கதோட்டு. காபன் நாருக்குச் சீசியம் அயடைட்டுப் பூசுவது இதற்காகத்தான். வாயு குறைவாக வரும். சீசியம் அயன் பாரமானது என்பதால் பிளாஸ்மாவும் ஆறுதலாக நகரும். ஆனால் அது நீரில் கரையும் உப்பு. மாரி மழைக்கால ஈரக்காற்றில் திறந்து வைத்துவிட்டுப் பிறகு என்னைத் திட்டாதீர்கள்.

வடிவத்திலும் கைவைக்கலாம். விளிம்புகளை உருட்டி மழுக்காவிட்டால் அங்கிருந்து வேண்டாத இலத்திரன்கள் கசியும்; மக்னெற்றோனில் முனை வழியே ஓடும் மின்னோட்டம் வெறும் நட்டம். எனக்குப் பிடித்தது நியூ மெக்சிக்கோ பல்கலைக்கழகத்தில் உருவான ‘ஒளிபுகு கதோட்டு’. கண்ணாடி இல்லை, பெயர்தான் அப்படி. முழு உருளைக்குப் பதில் வட்டமாக நிறுத்திய சில கீலங்கள். அவற்றின் இடையால் நுண்ணலைப் புலம் உள்ளே புகும், கதோட்டுப் பக்கத்திலேயே இலத்திரன்களைப் பிடித்துச் சக்கர ஆரக்கால்கள் போலக் கற்றைகளாகக் கட்டும், அலைவு விரைவாகத் தொடங்கும். துடிப்புக் கட்டையாக இருக்கும் இடத்தில் சில நனோசெக்கன் முந்துவது பெரிய இலாபம்.

ஆனாலும் எல்லாப் பழியையும் கதோட்டின் தலையில் போடாதீர்கள். அனோட்டில் இலத்திரன் மோதினாலும் வாயு கிளம்பும், உட்சுவரில் நுண்ணலைப் புலம் மிஞ்சினாலும் பொறி பறக்கும். கதோட்டை மாற்றுவதற்கு முன் வோல்ற்றளவு, மின்னோட்டம், நுண்ணலைத் துடிப்பு மூன்றையும் ஒரே நேர அச்சில் வரைந்து பாருங்கள். மின்னோட்டம் ஏறி வோல்ற்றளவு சரியும்போதே துடிப்பும் அறுகிறதென்றால் முதலில் இடைவெளியைச் சந்தேகியுங்கள். இரண்டும் அசையாமல் நிற்கத் துடிப்பு மட்டும் செத்தால், புதுக் கதோட்டுக்குக் காசைக் கொட்டாமல் உட்சுவரைத் திறந்து பொறித் தழும்பு தேடுங்கள்.