குடியாத்தம் தோப்புக்குப் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கி: என் கருத்து

ஐயா, குடியாத்தம் பக்கத்து மாந்தோப்புக் காவலுக்கு விலை குறைந்த, நீடித்து உழைக்கும் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கி கேட்டிருக்கிறீர்கள். குழலுக்கு அடியில் உள்ள கைப்பிடியை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் வகை அது. 12 போர் (குழல் துளையின் அளவு) போதும். தோட்டா எளிதில் கிடைப்பது அதற்குத்தான். வெளிநாட்டுப் பழைய துப்பாக்கிக்கு ஆசைப்படாதீர்கள். இறக்குமதி நின்று பல ஆண்டுகள் ஆனதால் பெயருக்குத்தான் விலை. திருச்சி படைக்கலத் தொழிற்சாலையின் பம்ப் ஆக்‌ஷன் பளபளப்பாக இருக்காது, ஆனால் பழுது பார்க்கலாம். குழல் 20 அங்குலத்துக்குக் குறையக் கூடாது; 1959 ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் இருக்கும் அளவு அது.

பழையது வாங்கினால் தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, குழலை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். துருக் குழிகளோ நசுங்கலோ தெரிந்தால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள். கைப்பிடியை மெதுவாகவும் வேகமாகவும் இழுத்துத் தள்ளுங்கள். எங்கும் சிக்கக் கூடாது. நம்முடையது தோல் மாவட்டம் என்பதற்காகத் தோலுறையிலேயே போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து இரும்பை அரித்துவிடும். நான் ஒரே மழைக்காலத்தில் ஒரு குழலைக் கெடுத்துக்கொண்டவன்.

முன்பணம் கொடுக்குமுன் ஆட்சியர் அலுவலகத்தில் உரிமம் வாங்குங்கள். காட்டுப்பன்றிதான் தொல்லை என்றால் உரிமம் இருந்தாலும் நீங்களாகச் சுட முடியாது. வனத்துறையிடம் மனுக் கொடுங்கள். அதற்குச் சூரிய மின்வேலிதான் மலிவு.