மணலில் புதைந்த வண்டியை மீட்கும் பலகைகள்: கேள்வி பதில்

குவீன்ஸ்லாந்தின் கடற்கரைத் தடங்களில் பல ஆண்டுகளாக நான்கு சக்கர இயக்க வண்டி ஓட்டியும், புதிதாக மணலுக்கு வருவோருக்குக் கற்றுக்கொடுத்தும் வருகிறேன். டிராக்‌ஷன் போர்டு எனப்படும், புதைந்த சக்கரத்துக்கடியில் செருகும் மீட்புப் பலகையைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே பொருளைப் பற்றிய கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (பிரிஸ்பேன்): ஐயா, அடுத்த மாதம் குடும்பத்துடன் கர்ரி தீவுக்குச் செல்கிறோம். டயரில் காற்றைக் குறைத்தாலே போதும், பலகை வீண்செலவு என்று நண்பர் சொல்கிறார். சரிதானா?

பதில்: உங்கள் நண்பர் சொல்வதில் முதற்பாதி பெருமளவு உண்மை. 2023 வரை ஃப்ரேசர் தீவு என்று அழைக்கப்பட்ட கர்ரியில் வண்டிகள் புதைவதற்குப் பெரும்பாலும் டயர் அழுத்தமே காரணம். ஒரு கணக்கைப் பாருங்கள். சுமையுடன் 2,400 கிலோ எடையுள்ள வண்டியில் ஒவ்வொரு சக்கரத்தின் மீதும் ஏறத்தாழ 600 கிலோ இறங்குகிறது. தார்ச்சாலைக்குரிய 35 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அளவு) அழுத்தத்தில், டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 245 சதுர சென்டிமீட்டர்தான். 18 பிஎஸ்ஐக்கு இறக்கினால் அது 475 சதுர சென்டிமீட்டரை நெருங்கும். டயர் சுவரின் விறைப்பைச் சேர்க்காத தோராயக் கணக்கு இது என்றாலும், மணல் தாங்க வேண்டிய அழுத்தம் பாதியாகிவிடுகிறது என்பது விளங்கும்.

ஆனால் இவை அனைத்தும் புதையாமல் இருப்பதற்கான ஏற்பாடுகள். இன்ஸ்கிப் முனையில் தீவுக்கான படகில் ஏறும் இடத்து மணலைப் போல, நாள் முழுவதும் வண்டிகள் உழுதுவிட்ட தளர்ந்த மணலில் காற்றைக் குறைத்த வண்டியும் நின்றுபோகலாம். அப்போது சுமார் 1.15 மீட்டர் நீளமும் 33 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பலகை, ஏறத்தாழ 3,800 சதுர சென்டிமீட்டர் பரப்பைச் சக்கரத்துக்கு அளிக்கிறது. பலகை வளைவதால் முழுப்பரப்பும் ஒரே நேரத்தில் சுமையைத் தாங்குவதில்லை. தாங்கும் பகுதியே போதுமானது. அதோடு பலகையின் மேற்புறப் பற்கள் டயரின் வரிகளுக்குள் புகுந்து பிடிக்கின்றன. எனவே வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் காற்றழுத்தமானி, கம்ப்ரசர், மண்வாரி ஆகிய மூன்றையும் வாங்கிய பிறகு மீதமுள்ள பணத்தில் வாங்குங்கள்.

கேள்வி (சிட்னி): வண்டி நின்றுவிட்டது, அடிப்பகுதி மணலைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலிலிருந்து எதை, எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

பதில்: வண்டி முன்னேறவில்லை என்று தெரிந்த நொடியில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய வேலை ஒரு மணி நேரமாக நீள்வதற்கு, “இன்னும் ஒரு முறை அழுத்திப் பார்ப்போம்” என்னும் ஆசையே காரணம். சக்கரம் சுழலும் ஒவ்வொரு முறையும் தனக்கடியில் இருக்கும் மணலைப் பின்னால் வாரி எறிந்து, தன் குழியைத் தானே ஆழமாக்கிக்கொள்கிறது.

அடுத்து, கீழே இறங்கி வண்டியைச் சுற்றி வந்து, எது தடுக்கிறது என்று குனிந்து பாருங்கள். சக்கரங்கள் மட்டும் அமிழ்ந்திருந்தால் வேலை எளிது. இருபுறச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்தனுப்பும், அச்சின் நடுவிலுள்ள டிஃப்பரென்ஷியல் குடமோ, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோ மணலில் அமர்ந்திருந்தால், வண்டியின் எடையில் ஒரு பகுதியை மணலே சுமந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அந்த எடை சக்கரத்துக்குத் திரும்பாதவரை பலகை எதையும் செய்யாது. ஆகவே அடியிலுள்ள மணலை வாரி வெளியேற்றிய பிறகே பலகையைத் தொட வேண்டும். இதற்கிடையே ஒருவர் டயர் அழுத்தத்தை மேலும் குறைக்கலாம். 18இல் வந்திருந்தால் 15க்கு இறக்குங்கள். 12க்குக் கீழே போனால், திருப்பங்களில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் அபாயம் உண்டு.

பிறகு எந்தத் திசையில் வெளியேறுவது என்று முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் பின்னால் வருவதே நல்லது, ஏனெனில் நீங்கள் வந்த தடம் உங்கள் சக்கரங்களாலேயே அழுத்தப்பட்டு ஓரளவு இறுகியிருக்கும். செல்லும் திசையில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் மணலைச் சரிவாக வெட்டி, பலகையை அந்தச் சரிவில் படுக்க வைத்து, அதன் முனையை டயருக்கடியில் முடிந்தவரை ஆழமாகத் திணியுங்கள். இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். மணலின் மேல் சும்மா வைக்கப்பட்ட பலகையை டயர் ஏறிப் பிடிக்காது, தள்ளிக்கொண்டுதான் போகும்.

இனி லோ ரேஞ்சில் (வேகம் குறைந்து விசை கூடும் கியர் நிலை) முதல் அல்லது இரண்டாம் கியர், இருபுறச் சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலச் செய்யும் டிஃப்பரென்ஷியல் லாக் இருந்தால் அதையும் இயக்கிக்கொண்டு, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, சக்கரம் சுழலாத அளவுக்கு மெதுவாக ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். பலகையில் ஏறியதும் நிறுத்தாதீர்கள். கெட்டியான தரை வரும்வரை ஓட்டிச் சென்று நிறுத்திவிட்டு, நடந்து திரும்பி வந்து பலகைகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (மெல்போர்ன்): வாங்கிய முதல் நாளிலேயே என் பலகைகளின் பற்கள் உருகி வழவழப்பாகிவிட்டன. மலிவான பொருள் என்பதால்தானா?

பதில்: விலை உயர்ந்த பலகையும் இப்படி உருகும். பற்கள் பிளாஸ்டிக்கால் ஆனவை. டயர் அவற்றின் மீது பிடிக்காமல் சுழன்றால், உராய்வின் வெப்பம் சில நொடிகளிலேயே அவற்றைக் கூழாக்கிவிடும். முன்பதிலில் சொன்ன மணல் வாரும் வேலையைச் செய்யாமல் பலகையைச் செருகியிருந்தாலோ, நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்ற மறந்திருந்தாலோ இதுவே நடக்கும். உங்கள் வண்டி புதிய வகை என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள்: வண்டி சறுக்குவதாக எண்ணி என்ஜின் விசையைத் தானாகவே குறைக்கும் மின்னணுக் கட்டுப்பாடு, மணலில் உங்களுக்கு எதிராக வேலை செய்யக்கூடும். அதை எப்படி அணைப்பது, மணலுக்கென்று தனி இயக்க நிலை உள்ளதா என்பதை வண்டியின் கையேட்டில் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

பொருளின் தரத்திலும் வேறுபாடு உண்டு, மறுக்கவில்லை. குவீன்ஸ்லாந்தில் 2005இல் தொடங்கிய மேக்ஸ்ட்ராக்ஸ் நிறுவனம், இழை சேர்த்து வலுவூட்டிய நைலானைப் பயன்படுத்துகிறது. அது வளைந்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பும். மிக மலிவானவற்றில் சில, கனமான வண்டி ஏறியதும் நடுவில் மடிந்து வெடிக்கின்றன. ஆண்டுக்கு ஒரு முறை கடற்கரைக்குப் போகும் சிறிய வண்டிக்கு நடுத்தர விலையே போதும் என்பது என் கருத்து. முழுச் சுமையுடன் சிம்ப்சன் பாலைவனத்தைக் கடக்கப் போகிறவர் சிக்கனம் பார்க்க வேண்டிய இடம் இதுவல்ல.

கேள்வி (பெர்த்): இரண்டு போதுமா, நான்கு வேண்டுமா? எந்தச் சக்கரத்துக்கு வைப்பது?

பதில்: இரண்டில் தொடங்குங்கள். முன்சக்கர இயக்கக் காருக்கு முன்சக்கரங்களில் மட்டுமே வைக்க வேண்டும். இழுவை இல்லாத சக்கரத்துக்கு வைத்துப் பயனில்லை. நான்கு சக்கர இயக்கத்தில் எந்த முனை அதிகம் புதைந்திருக்கிறதோ அங்கே வையுங்கள். கேரவன் இழுப்பவர்களுக்கும், வேறு துணை வண்டியின்றித் தனியாகச் செல்பவர்களுக்கும் நான்கு தேவை.

கேள்வி (அபுதாபி): அண்ணா, லிவா பக்கத்து மணல் மேடுகளுக்கு வாரக் கடைசியில் போகிறோம். மேட்டின் உச்சியில் வண்டி மாட்டிக்கொண்டால் பலகை உதவுமா? சப்காவில் எப்படி?

பதில்: உச்சியில் மாட்டும் வண்டி வயிற்றின் மீது அமர்ந்திருக்கும். நான்கு சக்கரங்களும் ஏறத்தாழ அந்தரத்தில் இருக்கும்போது பலகை எதைத் தாங்கும்? முதலில் உச்சி மணலை வாரித் தள்ளி வண்டியைச் சக்கரங்களின் மேல் இறக்குங்கள். பக்கவாட்டுச் சரிவில் சாய்ந்து நின்றுவிட்டால் இன்னும் கவனம் வேண்டும்: சரிவின் கீழ்ப்புறத்தில் ஒருவரும் நிற்கக் கூடாது, கீழ்ப்புறச் சக்கரங்களுக்கடியில் மணலை வாரக் கூடாது. மேல்புறச் சக்கரங்களின் அடியில் வாரினால் வண்டி மெல்ல நிமிரும். பிறகு முன்பகுதி சரிவின் கீழ்நோக்கித் திரும்பும்படி பலகைகளை வைத்து இறங்கிவிடுங்கள்.

சப்கா வேறு வகை. மேலே உப்பு ஓடு, அடியில் ஈரச் சேறு. ஓடு உடைந்தபின் சக்கரம் சுழன்றால் வண்டி விரைவாக அமிழும். அங்கே பலகைகள் மிகவும் பயன்படும், ஆனால் நான்கும் வேண்டும். கெட்டியான இடத்தை அடையும்வரை பின்னாலிருப்பவற்றை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டே போக வேண்டியிருக்கும். மீட்க வரும் இரண்டாவது வண்டியை ஓடு உடையாத தரையிலேயே, தொலைவில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் இரண்டு வண்டிகளை மீட்க வேண்டிவரும்.

கேள்வி (டூவூம்பா): எங்கள் பக்கம் மணல் இல்லை, மழைக்குப் பின் கருமண் சேறுதான். பலகை பயன்படுமா?

பதில்: ஓரளவுக்கு மட்டுமே. உங்கள் டார்லிங் டவுன்ஸ் வட்டாரக் கருமண்ணும் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலும் ஒரே வகையைச் சேர்ந்தவை. நீரை உறிஞ்சி வீங்கும் களிமண் மிகுந்தவை. இந்தச் சேறு டயரின் வரிகளையும் பலகையின் பற்களையும் பிசின் போல நிரப்பிவிடும். பற்கள் மறைந்த பலகை வெறும் வழுக்குப் பலகைதான். ஒவ்வொரு முயற்சிக்கும் முன்பு டயரையும் பலகையையும் குச்சியால் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். சேற்றை வெட்டும்போது, அடியில் கெட்டித் தரை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கம்பியால் குத்திப் பாருங்கள். அருகில் இருந்தால் அதுவரை வெட்டி அங்கே பலகையைப் பதிப்பது பலன் தரும். ஆழத்தில் இருந்தால் காத்திருப்பதே நல்லது: ஓரிரு நாள் வெயிலில் காய்ந்துவிடும் தடத்தை உழுது கெடுப்பது, அந்தத் தடத்தை நம்பியிருக்கும் விவசாயிகளுக்குச் செய்யும் தீங்கு.

கேள்வி (அடிலெய்ட்): சிறிய பள்ளத்தின் குறுக்கே பாலமாகப் போடலாமா?

பதில்: கூடாது. அடியில் தரை தாங்க வேண்டும் என்ற எண்ணத்தில் செய்யப்பட்டது இது. பாலமாகப் பயன்படுத்த அலுமினிய ஏணி வகைகள் தனியாக உள்ளன.

கேள்வி (கான்பெரா): போர் அருங்காட்சியகப் படங்களில், பாலைவன வண்டிகளின் பக்கவாட்டில் இரும்புத் தகடுகள் தொங்குகின்றன. இவற்றின் முன்னோடிகளா?

பதில்: நேரடி முன்னோடிகள். பிரித்தானிய ராணுவத்தைச் சேர்ந்த ரால்ஃப் பாக்னோல்ட், 1929, 1930, 1932 ஆகிய ஆண்டுகளில் லிபியப் பாலைவனத்துக்குள் மோட்டார் வண்டிகளில் சென்றபோது, முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளுக்குக் கூரையிட்ட வாய்க்கால் போல் குழிந்த இரும்புத் தகடுகளைக் கெய்ரோவில் வாங்கி, சக்கரங்களுக்கடியில் இட்டார். மணலில் டயர் அழுத்தத்தைக் குறைத்து ஓட்டுவதையும் அவருடைய குழுவினர் கடைப்பிடித்தனர். 1940இல் அவர் உருவாக்கிய நெடுந்தொலைவுப் பாலைவனப் படை, இதே முறையைப் போருக்குக் கொண்டுசென்றது. துளையிட்ட தகடுகளைப் படத்தில் பார்த்திருந்தால், அவை விமான ஓடுபாதை அமைக்க அமெரிக்கர்கள் செய்தவையாக இருக்கலாம். 1941இல் வட கரோலினாவின் மார்ஸ்டன் அருகே முதலில் விரிக்கப்பட்ட அந்தத் தகடு, 10 அடி நீளமும் 15 அங்குல அகலமும் சுமார் 30 கிலோ எடையும் கொண்டது. போருக்குப் பின் அவற்றை வெட்டி மணல் தகடாக்கிக்கொண்டோர் பலர். இன்றைய நைலான் பலகை ஒன்று நான்கு கிலோவுக்கும் குறைவு என்பதை நினைத்தால், அவர்கள் சுமந்ததை எண்ணி முதுகு வலிக்கிறது.

கேள்வி (கோல்ட் கோஸ்ட்): என் கணவர் கயிறு கட்டி இழுப்பதே விரைவு என்கிறார். எது பாதுகாப்பானது?

பதில்: அம்மா, பலகையைத்தான் முதலில் எடுக்க வேண்டும். மீள்தன்மையுள்ள கயிறு, நீளும்போது பெரும் ஆற்றலைத் தன்னுள் சேமித்து வைக்கிறது. இணைப்பு உடைந்தால் அத்தனையும் உடைந்த துண்டோடு பறந்து வரும். டிரெய்லர் இழுப்பதற்கான டோ பாலில் கயிற்றை மாட்டி, அது முறிந்து தெறித்ததில் ஆஸ்திரேலியாவில் உயிர்கள் போயிருக்கின்றன. இதற்கென்று சான்றளிக்கப்பட்ட கொக்கிகள் வண்டியில் இல்லையென்றால் கயிற்றைத் தொடவே வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். பலகையிலும் ஓர் ஆபத்து உண்டு: டயர் சுழன்றால், வண்டி செல்லும் திசைக்கு எதிராகப் பலகை பாயும். வண்டியின் முன்னும் பின்னும் எவரும் நிற்காமல், பக்கவாட்டில் நன்றாக விலகி நிற்க வேண்டும். குழந்தைகளுக்கு இது கண்டிப்பாகப் பொருந்தும்.

கேள்வி (பிரிஸ்பேன்): ஓதம் ஏறிக்கொண்டிருக்கும்போது கடலோரத்தில் மாட்டிக்கொண்டால்?

பதில்: கர்ரியில் உயர் ஓதத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரமாவது கடற்கரையில் ஓட்டக் கூடாது, இதைக் கடைப்பிடித்தால் இந்தக் கேள்விக்கு இடமில்லை. ஆயினும் நேர்ந்துவிட்டால், முதலில் குழந்தைகளை மேட்டு மணலுக்கு அனுப்பிவிட்டு, அவ்வழியே வரும் வண்டிகளைக் கையசைத்து நிறுத்துங்கள். நான்கு பேர் சேர்ந்து வாரினால் வேலை வேகமாக முடியும். அலை வந்து தொடும் சக்கரத்தைச் சுற்றி மணல் ஒவ்வோர் அலைக்கும் அரிக்கப்பட்டு வண்டி தானாகவே இறங்கும் என்பதால், கடற்பக்கச் சக்கரங்களில் பலகையைச் செருகி, கரைமேட்டை நோக்கி ஏறுங்கள். அப்போது பலகை மணலுக்குள் புதைந்து காணாமல் போவது வழக்கம். ஒவ்வொன்றின் முனையிலும் பளிச்சென்ற நிறமுள்ள நாடாவை இரண்டு மீட்டர் நீளத்துக்கு முன்னதாகவே கட்டி வைத்திருந்தால் இழுத்து எடுத்துவிடலாம். வெளியே வந்ததும் டயர்களுக்குக் காற்று நிரப்பும்வரை மெதுவாக ஓட்டுங்கள். வீடு திரும்பிய அன்றே வண்டியின் அடிப்பகுதியை நன்னீரால் கழுவிவிடுங்கள். உப்பு மறுநாள்வரை காத்திருக்காது.